பரபரப்பான சாலையில் ஒரு கடவை கேட்டு வாங்குவது எப்படி

3 மனு, 16 மாதம். எங்கள் வீட்டுக்கு எதிரே ஓடும் நான்கு வழிச் சாலையில் நடப்பவர்களும் சைக்கிளில் வருபவர்களும் பத்திரமாகக் கடக்க ஓர் இடம், அதாவது ஒரு கடவை, கிடைக்க எனக்கு ஆன கணக்கு இது. இதில் பாதிக்கு மேல் என் தவறுகளால் போன காலம். முதல் மனுவை இரண்டே வரியில் எழுதினேன்: "இங்கே கடப்பது ஆபத்தாக இருக்கிறது, கோடு போட்டுக் கொடுங்கள்." அதைப் படிக்கிற அதிகாரி என்ன செய்வார்? கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அதுதான் நடந்தது.

நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையில் போங்கள். எங்கே இருந்தாலும் அலுவலகங்களின் பெயர்தான் மாறும், வேலை இதேதான்.

1. சாலை யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஒரே தெருவில் சாலை ஓர் அலுவலகத்துக்கும், நடைபாதை இன்னொன்றுக்கும், சிக்னல் மூன்றாவது ஒன்றுக்கும், தெருவிளக்கு நான்காவது ஒன்றுக்கும் சொந்தமாக இருக்கலாம். என் முதல் மனு இரண்டு மாதம் தூங்கிய பிறகு "இது எங்கள் எல்லைக்குள் வராது" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. யாருடைய எல்லை என்று அதில் சொல்லவில்லை.

குறுக்கு வழி ஒன்று உண்டு. அந்தச் சாலையில் கடைசியாகப் பள்ளம் மூடியது யார், விளக்குக் கம்பத்தில் எந்தத் துறையின் எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்த அலுவலகத்துக்கு நேரில் போய் "இந்தச் சாலையின் பராமரிப்பு உங்களிடமா?" என்று மட்டும் கேளுங்கள். மனுவைப் பற்றி அப்போது பேச வேண்டாம். பதில் சொன்னவரின் பதவியையும் அன்றைய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மனுவில் "இந்தத் தேதியில் உங்கள் அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டேன்" என்று எழுத அது உதவும்.

2. இடத்தை உங்கள் வசதிக்குத் தேர்வு செய்யாதீர்கள்

என் வீட்டு வாசலுக்கு நேராகக் கேட்டேன். அது தவறு. மக்கள் ஏற்கெனவே கடக்கிற இடம் எதுவோ அங்கேதான் கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: சாலையோரத்தில் எங்கே புல் தேய்ந்திருக்கிறது, எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் சாலையில் அது பேருந்து நிறுத்தத்திலிருந்து இருபது அடி தள்ளி இருந்தது. அங்கிருந்து 100 மீட்டர் தள்ளிக் கடவை அமைத்தால் யாரும் சுற்றிப் போக மாட்டார்கள்.

அடுத்தது பார்வைத் தூரம். சாலையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது 14 மீட்டர். சாதாரணமாக நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதன்படி கடக்க ஏறக்குறைய 12 நொடி. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 14 மீட்டர் போகிறது. 12 நொடியில் ஏறத்தாழ 165 மீட்டர். ஆகவே நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். வளைவு, மேடு, விளம்பரப் பலகை, நிறுத்திவைத்த வேன் எது மறைத்தாலும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது உட்கார்ந்து எடுங்கள். ஏழு வயதுக் குழந்தையின் கண் உயரத்திலிருந்து பார்த்தால்தான் நிறுத்திவைத்த ஒரு சாதாரணக் கார்கூட எவ்வளவு பெரிய சுவர் என்று புரியும்.

3. எண்ணுங்கள், ஆனால் சரியான நேரத்தில்

இரண்டாவது மனு இங்கேதான் விழுந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் காலை 11 மணிக்கு வந்து எண்ணினார்கள். பள்ளிக்கூடம் தொடங்கியாயிற்று, வேலைக்குப் போகிறவர்கள் போயாயிற்று. ஒரு மணி நேரத்தில் 9 பேர். "போதிய பயன்பாடு இல்லை" என்று பதில் வந்தது.

ஆகவே அவர்கள் வருவதற்கு முன்பே உங்கள் எண்ணிக்கை கையில் இருக்க வேண்டும். முறை இது:

பள்ளி திறந்திருக்கும் சாதாரண வேலைநாட்களில் குறைந்தது மூன்று நாள் எண்ணுங்கள். மழை நாள், திருவிழா நாள், விடுமுறைக்கு முந்தின நாள் வேண்டாம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், இருட்டிய பிறகு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் நடப்பவர், சைக்கிளில் வருபவர், குழந்தைகள், முதியவர்கள், ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வைத்திருப்பவர் என்று தனித்தனிக் கட்டம். மொத்தமாக "87 பேர்" என்று எழுதினால் யார் மனமும் அசையாது. "87 பேர், அதில் 31 குழந்தைகள்" என்று எழுதினால் கோப்பு நகரும்.

வாகனங்களையும் எண்ண வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் தேவை. ஒருவரே இரண்டையும் எண்ண முயன்றால் இரண்டும் தப்பாகும். நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஆளுக்கொரு நோட்டோடு உட்கார்ந்தோம். முதல் நாள் அவர் தெரிந்தவர்களோடு பேசிப் பேசியே அரை மணி நேரக் கணக்கைக் கோட்டைவிட்டார். அப்புறம் போனில் வீடியோ எடுத்து வீட்டில் வைத்து எண்ணினோம். அதுதான் நல்ல வழி. ஆனால் மனுவோடு வீடியோவை இணைக்காதீர்கள்; அதில் அடுத்தவர் முகமும் வண்டி எண்ணும் இருக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. மிக ஆபத்தான இடத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பயந்து யாரும் கடப்பதில்லை. ஆற்றில் யாரும் நீந்தவில்லை, அதனால் பாலம் தேவையில்லை என்று சொல்ல முடியுமா? இதைச் சரிக்கட்ட, கடக்காமல் போகிறவர்களையும் எண்ணுங்கள்: ஓரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், எதிரே இருக்கும் இடத்துக்கு ஆட்டோவில் போகிறவர்கள், தூரத்துச் சிக்னல் வரை சுற்றி நடப்பவர்கள். காத்திருக்கும் நேரத்தையும் அளங்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் ஒரு காலையில் 4 நிமிடம் 20 நொடி ஓரத்தில் நின்றார். பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மூன்று முறை மாற்றினார். ஒரு தடவை காலை இறக்கிவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டார். அந்த 4 நிமிடம் 20 நொடிதான் பிறகு என் மனுவின் முதல் வரி.

4. வேகத்தை அளப்பது நினைப்பதைவிடச் சுலபம்

கருவி வேண்டாம். சாலையோரம் 50 மீட்டர் அளந்து இரு முனையிலும் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். நடைபாதையில் மட்டும், இதற்காகச் சாலையில் இறங்காதீர்கள். வாகனம் முதல் கோட்டைத் தாண்டும்போது ஒருவர் கையைத் தூக்க, இரண்டாவது கோட்டில் நிற்பவர் போனில் நொடியை அளக்க வேண்டும். 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 3.6 நொடி என்றால் 50. 2.7 நொடி என்றால் ஏறத்தாழ 67.

முன்னால் வண்டி எதுவும் இல்லாமல் தாராளமாகப் போகிற வாகனங்களை மட்டும் எடுங்கள். நெரிசலில் ஊர்ந்து போவதை அளந்தால் உங்கள் வாதமே கெட்டுவிடும். 100 வாகனம் அளந்து, வேகத்தைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை அடுக்கி, 85-ஆவதாக நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலைப் பொறியாளர்கள் பேசும் மொழி அது. சராசரியைச் சொன்னால் "சராசரி சரியாகத்தானே இருக்கிறது" என்பார்கள். 85-ஆவது எண்ணைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுத உலக சுகாதார நிறுவனத்தின் இரண்டு வரிகள் போதும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது. காரின் முன்பக்கம் மோதும்போது வேகம் 50-லிருந்து 65 ஆனால், நடப்பவர் இறக்கும் வாய்ப்பு 4.5 மடங்காகிறது.

5. "கோடு போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

2005-இல் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிட்ட ஓர் ஆய்வு, கோடு போட்ட 1,000 இடங்களையும் கோடு இல்லாத 1,000 இடங்களையும் ஒப்பிட்டது. சிக்னல் இல்லாத இடங்கள்தான் எல்லாம். இரு வழிச் சாலைகளில் வித்தியாசம் தெரியவில்லை. பல வழிச் சாலையாக, நடுவில் நின்றுகொள்ள மேடான திட்டு இல்லாமல், நாளுக்கு 12,000 வாகனத்துக்கு மேல் போகிற இடங்களில், வெறும் கோடு மட்டும் போட்ட கடவையில் நடப்பவர்கள் அடிபடுவது அதிகமாக இருந்தது. பெரிய சாலையில் பெயிண்ட் மட்டும் பாதுகாப்பு ஆகாது.

இதற்கு ஒரு காரணம், கடக்கும் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்போம். அருகிலிருக்கும் வழியில் பேருந்து உங்களுக்காக நிற்கிறது. ஓட்டுநர் கையசைக்கிறார். நீங்கள் நடக்கிறீர்கள். அடுத்த வழியில் வரும் பைக்குக்கு நீங்கள் தெரிவதில்லை, உங்களுக்கும் பைக் தெரிவதில்லை. நடுவில் அந்தப் பேருந்து சுவர் போல நிற்கிறது. இதைத் தடுக்க வாகனங்கள் நிற்க வேண்டிய கோட்டைக் கடவைக்கு ஒட்டிப் போடாமல் சில மீட்டர் முன்னாலேயே போடச் சொல்லிக் கேளுங்கள். செலவு அதே பெயிண்ட்தான்.

செலவு வரிசையைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. மிகக் குறைவானது பெயிண்ட், பலகை, கடவைக்கு அருகே வண்டி நிறுத்தத் தடை. அதற்கு மேலே விளக்கு வெளிச்சம், நடுத்திட்டு, வேகத்தடை போல மேடாக்கிய கடவை. கடைசியில் முழுச் சிக்னல். அமைப்பதற்கும் காசு, ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் காசு. நடைமேம்பாலம் எல்லாவற்றையும்விட அதிகம், அதோடு படியேற முடியாதவர்களுக்குப் பயனே இல்லை. அவர்கள் கீழேயேதான் கடப்பார்கள். "மேம்பாலம் கட்டித் தருகிறோம், நிதி வரட்டும்" என்று சொன்னால் அதைக் கண்ணியமான மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தில், நான்கு வழிச் சாலையில் காசுக்கேற்ற பலன் தருவது நடுத்திட்டு. 14 மீட்டரை ஒரே மூச்சில் கடப்பதற்குப் பதில், 7 மீட்டர் கடந்து நின்று, ஒரு பக்கம் மட்டும் பார்த்து, மீதி 7-ஐக் கடக்கலாம். 12 நொடி இடைவெளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, 6 நொடி போதும். பரபரப்பான நேரத்தில் 12 நொடி இடைவெளி கிடைப்பதே இல்லை. 6 நொடி அவ்வப்போது கிடைக்கும்.

திட்டின் அகலத்தில் ஏமாந்துவிடாதீர்கள். எங்களுக்கு முதலில் காட்டிய வரைபடத்தில் அது 1.2 மீட்டர். ஒரு சாதாரண சைக்கிள் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம். பள்ளிப் பையன் ஒருவனைச் சைக்கிளோடு நிற்கவைத்து, கீழே சாக்குக்கட்டியால் 1.2 மீட்டர் வரைந்து படம் எடுத்து அனுப்பினேன். பின்சக்கரம் முழுசாகக் கோட்டுக்கு வெளியே, அதாவது வண்டி ஓடும் வழியில், நின்றது. அந்த ஒரு படத்துக்குப் பிறகு வரைபடம் 2.5 மீட்டராக மாறி வந்தது. குறைந்தது 2 மீட்டர் கேளுங்கள். திட்டின் வழியாகத் தரைமட்டத்தில் போகும்படி கேளுங்கள். படி போல ஏறி இறங்க வைத்தால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் சாலையிலேயே நிற்கும்.

6. மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்

மூன்றாவது மனு 2 பக்கம், இணைப்புகள் 7 பக்கம். அதற்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். முதல் பக்கத்தில் இடம், கோரிக்கை, மூன்று எண்கள்: கடப்பவர் எண்ணிக்கை, 85-ஆவது வேகம், காத்திருக்கும் நேரம். இணைப்பில் அளவோடு கையால் வரைந்த வரைபடம், எண்ணிக்கைத் தாள்கள், படங்கள் (தேதியோடு), அருகிலிருக்கும் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் தூரம். விபத்து நடந்திருந்தால் காவல்துறைப் பதிவின் எண்ணும் தேதியும் மட்டும். அடிபட்டவர் பெயரை எழுதாதீர்கள், அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள்.

கையெழுத்து வேட்டையில் நான் மூன்று வாரம் வீணடித்தேன். 400 கையெழுத்தைவிட, பள்ளித் தலைமை ஆசிரியர், மருத்துவமனைப் பொறுப்பாளர், பேருந்து நிலைய அலுவலர் ஆகியோரின் மூன்று தனிக் கடிதங்கள் அதிகம் பேசும். கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள். திருத்திக் கையெழுத்துப் போடுவது யாருக்கும் சுலபம்.

கைக்காசு என்று பார்த்தால் நகல், படம் அச்சிடுவது, அளவுநாடா, பதிவுத் தபால், அவ்வளவுதான். யாராவது "உள்ளே தள்ளிவிட" காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நேரில் கொடுக்கும்போது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். என் இரண்டாவது மனு "வரவே இல்லை" என்றார்கள். முத்திரையிட்ட பிரதியைக் காட்டியதும் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

7. எப்போது கொடுப்பது, எப்போது நினைவூட்டுவது

அடுத்த ஆண்டுக்கான நிதித் திட்டம் தயாராகும் மாதங்களுக்கு முன்னால் கொடுங்கள். எந்த மாதம் என்று அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். அதைவிட நல்ல தருணம், அந்தச் சாலையை மறுபடி தார் போடப்போகிறார்கள் என்ற செய்தி வரும்போது. எப்படியும் புதிதாகக் கோடு போட வேண்டும், அப்போது இடம் மாற்றிப் போடுவதில் தனிச் செலவு பெரிதாக இருக்காது. தார் போட்டு முடித்த பிறகு கேட்டால் "இப்போதுதானே போட்டோம்" என்ற பதில் தயாராக இருக்கும்.

30 நாளுக்கு ஒரு நினைவூட்டல் கடிதம், பழைய மனு எண்ணோடு. கோபம் வந்தால் அன்று எழுதாதீர்கள். ஆய்வுக்கு வரும் நாளைக் கேட்டு வாங்கி, நீங்களும் அங்கே இருங்கள். முடிந்தால் பள்ளி விடும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். எங்களிடம் வந்த பொறியாளரை நான் எதுவும் சொல்லாமல் "எதிரே ஒரு டீ குடிக்கலாமா?" என்று கேட்டேன். ஓரத்தில் நின்று நான்கு தடவை காலை எடுத்து வைத்துப் பின்வாங்கினார்.

8. அதுவரை எப்படிக் கடப்பது

கடவை வரும்வரை சும்மா இருக்க முடியாது. சில விஷயங்கள் மட்டும்.

ஓட்டுநர் கையசைத்தால் அது அவருடைய வண்டிக்கு மட்டும்தான் செல்லும். நின்ற வண்டியின் ஓரம் வரை போய் நில்லுங்கள், எட்டிப் பாருங்கள், அடுத்த வழியும் நின்ற பிறகு நடங்கள். சிக்னலில் நடப்பவர் உருவம் பச்சையாக எரிந்தால் கிளம்பலாம். அது மினுக்க ஆரம்பித்தால் புதிதாகக் கிளம்பாதீர்கள், பாதியில் இருந்தால் முடித்துவிடுங்கள்.

சைக்கிளில் வருபவர்களுக்கு: நடைபாதையிலிருந்து வேகத்தைக் குறைக்காமல் கடவைக்குள் நுழைவதுதான் மிக மோசமான பழக்கம். திரும்பும் ஓட்டுநர் நடப்பவரின் வேகத்தை எதிர்பார்த்துத்தான் ஓரத்தைப் பார்க்கிறார். அவர் பார்த்த நொடியில் நீங்கள் அந்த இடத்திலேயே இருப்பதில்லை. பல நாடுகளில் ஜீப்ரா கிராசிங்கில் முன்னுரிமை, இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவருக்குத்தான். ஓட்டிப்போகிறவர் சட்டப்படி இன்னொரு வாகனம். இறங்கித் தள்ளுங்கள். சிக்னலில் லாரியின் பக்கவாட்டில், ஓரத்து இடைவெளியில் புகுந்து நிற்காதீர்கள்; ஓட்டுநர் கண்ணாடியில் அந்த இடம் தெரியாது. பின்னால் நில்லுங்கள், லாரி திரும்பிப் போகட்டும்.

இரவில் வெள்ளைச் சட்டை போதாது. விளக்கு பட்டால் ஒளிரும் பட்டையைக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் கட்டுங்கள். அசையும் இடத்தில் கட்டினால்தான் தூரத்திலிருந்தே "மனிதர் நடக்கிறார்" என்று ஓட்டுநருக்குப் புரியும். முதுகில் ஒட்டினால் ஏதோ ஒரு கம்பம் போலத்தான் தெரியும்.

9. வேலை முடிந்ததும் மறுபடி அளங்கள்

எங்கள் கடவையில் கடைசியில் அழுத்தினால் எரியும் சிக்னலும் சேர்ந்து வந்தது. முதல் நாளே போனை எடுத்து அளந்தேன்: பச்சையும் மினுக்குவதும் சேர்த்து 9 நொடி. 14 மீட்டருக்கு 12 நொடி வேண்டும் என்பது ஓடியாடும் ஆளுக்கான கணக்கு. பாட்டிக்கு 19 ஆகிறது. திட்டில் நின்று மறுபடி அழுத்த அங்கே பொத்தானும் இல்லை. ஒரு பக்கத்தில் இரண்டு எண்ணை எழுதி, பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினேன். இதற்கு 16 மாதம் ஆகவில்லை, 11 நாளில் வந்து 20 நொடியாக மாற்றித் திட்டிலும் பொத்தான் வைத்தார்கள்.

ஒப்பந்ததாரர் கிளம்புவதற்குள் இதையும் பாருங்கள்: பொத்தான் சக்கர நாற்காலியிலிருந்து எட்டுகிறதா, சரிவின் அடியில் மழைநீர் தேங்குகிறதா, இரவில் வெளிச்சம் கடவையின் மேல் விழுகிறதா அல்லது மரத்தின் மேலா. எங்கள் விளக்கு இன்னும் வேப்பமரத்துக்குத்தான் வெளிச்சம் காட்டுகிறது. அதற்கான கடிதம் போன வாரம் போயிருக்கிறது.